சுயம்புலிங்கம் அடித்த காற்று

படித்தவன் பெயர் வாங்க ஒரு காகிதம் போதும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், அவன் கை நடுங்கினாலும் ஊர் நம்பும். படிக்காதவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் கையைக் காட்டித்தான் பெயர் வாங்க வேண்டும். நேற்று வாங்கிய பெயர் இன்றைக்குச் செல்லாது, தினமும் வாங்க வேண்டும். ராஜபாளையத்தில் அப்படிப் பெயர் வாங்கியவர்களை வரிசையாக உட்கார வைத்தால், முதல் நாற்காலி டயர்க்கடை சுயம்புலிங்கத்துக்குத்தான். இதை மறுத்துப் பேசுகிறவர் யாராவது இருந்தால், அவரிடம் லாரி இல்லை என்று அர்த்தம்.

அவர் கான்சாபுரத்தில் பிறந்தவர். இரண்டாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்போடு பள்ளிக்கூட உறவு முடிந்தது. ஆடு மேய்த்தார். லாரியில் கிளீனராகத் தொற்றினார். சக்கரம் கழற்றினார், பஞ்சர் ஒட்டினார். தென்காசி ரோட்டில் ஒரு ஓலைச் சாய்ப்புக்குக் கீழே கையால் அடிக்கிற பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், எண்பதுகள் பிறந்தபோது கம்ப்ரசரும் காங்கிரீட் கூரையுமாகக் கடை வைத்துவிட்டார். கொல்லத்துக்குப் போகிற பஞ்சு லாரியும், அங்கேயிருந்து திரும்புகிற மர லாரியும் அவர் கடை வாசலில் நின்றுவிட்டுத்தான் போகும்.

அவர் கேஜ் வைத்துக் காற்று அளக்க மாட்டார். டயரை இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுவார், சத்தத்தைக் கேட்பார். "இன்னும் தின்னும்" என்பார், அல்லது "போதும், வயிறு ரொம்பிட்டு" என்பார். சந்தேகப்பட்ட டிரைவர்கள் தங்கள் கேஜை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புள்ளி பிசகியதில்லை.

"கேஜுங்கது கண்ணு தெரியாதவனுக்குக் கம்பு மாதிரி. எனக்கு எதுக்குவே?" என்று கேட்பார்.

காற்றைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. கசிகிறது என்றால் இரண்டே காரணம்தான்: ஒன்று ஓட்டை, இல்லாவிட்டால் காற்றுப் பத்தவில்லை. ஓட்டையை ஒட்டு, பத்தாததை நிரப்பு. இதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒழுகுகிற குழாயிலிருந்து வில்லங்கமான பங்காளி வரைக்கும் இதே சித்தாந்தத்தை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாகவே இருந்ததுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

கடைக்குப் பின்னால் தேய்ந்த டயர்களை ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே குவித்து வைத்திருந்தார். பூச்சி பொட்டு அடையும், விற்றுத் தொலையுங்கள் என்று அவர் மனைவி பரிபூரணம் சொல்லாத நாள் இல்லை. அது குப்பை இல்லை, தான் வளர்ந்த வளர்த்தி என்று அவர் சொல்லிவிடுவார். யாராவது புதிதாகக் கடைக்கு வந்தால் அந்தக் குவியலைத்தான் முதலில் காட்டுவார்.

ஒரே மகன் ஐயாதுரை. கடையில் அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய பிள்ளை, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்விட்டான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தளவாய்புரத்துக்கும் போய்வருகிற பஸ். அவன் செட்டியார்பட்டி விலக்கு ரோட்டில் விசில் ஊதினால் ஊருக்குள் கேட்கும் என்று சொல்வார்கள். கிழவிகளைக் கையைப் பிடித்து ஏற்றுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிவிடுவான். சுயம்புலிங்கத்துக்கு மட்டும் அது எரிச்சல். ஊருக்கெல்லாம் விசில் ஊதத்தான் பெற்றேனா என்பார். ஆனாலும் அந்த பஸ் கடையைத் தாண்டும்போது ஐயாதுரை வேண்டுமென்றே ஒரு நீள விசில் ஊதுவான். அவர் கம்பியை உயர்த்திக் காட்டுவார். அப்பனுக்கும் மகனுக்கும் இருந்த கொஞ்சல் அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

எண்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். கடைசி டிரிப் முடித்து வந்த ஐயாதுரை, வீட்டுக்குப் போகச் சோம்பல்பட்டுக் கடையின் பின்கட்டில் தரையில் விரித்துப் படுத்திருக்கிறான். விடிந்து எழுந்தபோது வயிறு வலிக்கிறது என்றான். பரிபூரணம் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில், கண் திறக்க மாட்டேன் என்கிறது என்றான். அதன் பிறகு பேச்சு குழறியது. டயர்க் குவியலைப் புரட்டியபோது கட்டுவிரியன் கிடந்தது. பல் பட்ட தடம் கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பாம்பு அப்படித்தான். வலிக்காமல் கடித்து, தூங்குகிற மாதிரி ஆளை முடித்துவிடும். முதலில் இமை விழும், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொன்னுராஜ் என்று ஒரு டாக்டர் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பாம்புக்கடிக்குக் கைராசிக்காரர். பஸ் முதலாளியின் வேனில் போட்டுக் கொண்டுபோய் இறக்கியபோது ஐயாதுரைக்கு மூச்சு மேலோடிக்கொண்டிருந்தது. டாக்டர் வாய்வழியாக ஒரு சிவப்பு ரப்பர்க் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கி, மறுமுனையில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டி அமுக்கினார். நெஞ்சு ஏறி இறங்கியது. விஷமுறிவு மருந்து போட்டாயிற்று, விஷம் இறங்கித் தானாக மூச்சு விடுகிற வரைக்கும் நாம்தான் அவனுக்காக மூச்சு விட வேண்டும் என்றார். அதற்கு மெஷின் மதுரையில்தான் இருந்தது. வழியில் ஒரு பள்ளத்தில் குழாய் நழுவினால் பிள்ளை போய்விடுவான் என்பதால் கொண்டுபோகவும் வழியில்லை. ஆகவே சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிப் பையை அமுக்க வேண்டும்.

குழாயின் உள்முனையைச் சுற்றி ஒரு குட்டி பலூன் இருப்பதையும் சொன்னார். அதில் காற்று ஏற்றினால் அது மூச்சுக்குழலின் சுவரில் பட்டு அடைத்துக்கொள்ளும். கொடுக்கிற காற்று வாய்வழியே திரும்பி வராது. அந்தப் பலூனுக்குக் காற்று ஏற்ற ஒரு மெல்லிய வால் குழாய் வாயோரம் வெளியே தொங்கியது. அதில், உள்ளே பலூன் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்க ஒரு சின்னக் குமிழ், அதற்கு மேலே கவ்வியிருக்கும் ஒரு கிடுக்கி.

காலையிலிருந்து பேயறைந்தவராக நின்ற சுயம்புலிங்கத்தின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

"டியூப்பு, வால்வு, காத்து. இம்புட்டுத்தானா டாக்டரு?"

டாக்டர் களைத்திருந்தார். தகப்பனை அமர்த்தினால் போதும் என்று நினைத்திருப்பார். "ஆமா அண்ணாச்சி, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையைச் சுயம்புலிங்கம் பட்டயம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

பையை அமுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. மச்சினன்மார் அமுக்கினால் ஒருநேரம் வேகம், ஒருநேரம் தூக்கம். அவர் அமுக்கினால் கடிகாரம் தோற்கும். சாப்பிடவும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் வீங்கியது. பெற்ற பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கிறது எந்தத் தகப்பனுக்கு வாய்க்கும் என்று பார்க்க வந்தவர்களிடம் கேட்டார். அதுவரைக்கும் அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அதை அவருடைய எதிரியும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அங்கே ஜெயபாய் என்று ஒரு நர்ஸ். சாயர்புரத்துப் பெண், ஒல்லி, சிரிக்கத் தெரியாத முகம். வந்து கிடுக்கியைத் தளர்த்துவாள். பலூன் காற்றை வெளியே விடுவாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள். பிறகு ஐயாதுரையின் வாயருகே காதை வைத்துக்கொண்டு, ஊசி போடுகிற சிரிஞ்சால் துளித் துளியாகக் காற்று ஏற்றுவாள். கசிகிற சத்தம் நூலாக மெலிந்ததும் நிறுத்திவிடுவாள். நிற்பதற்கு முன்னால் நிறுத்திவிடுவாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எந்தக் கசிவையும் பாதியில் விட்டு எழுந்தவர் அல்ல அவர்.

"கசியுதே தாயி" என்றார்.

"கசியணும் அண்ணாச்சி. கொஞ்சூண்டு கசிஞ்சாத்தான் சரி."

"கசிஞ்சாச் சரியா? எந்த ஊரு நியாயம் இது?"

"இது டயரு இல்ல. உள்ள இருக்கது சதை. இறுக்கிப் பிடிச்சா ரத்தம் ஓடாது, அழுகிரும்."

"சதைய எனக்குச் சொல்லுதியாக்கும். நான் பெத்த சதைதான."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் சுயம்புலிங்கம் பையை மச்சினனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். வாயோரத்துக் குமிழைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார். பழுத்த நாவல்பழம் மாதிரித் தொளதொளவென்று இருந்தது. இப்படி ஒரு டியூப்பைப் போட்டு அவர் சைக்கிளைக்கூட வெளியே அனுப்பியதில்லை. தட்டில் கிடந்த சிரிஞ்சை எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்தி, ஏற்றினார். இன்னும் தின்னும் என்று தோன்றியது. ஏற்றினார். குமிழ் கோலிக்குண்டாக இறுகியது. உஸ்ஸென்ற அந்தச் சத்தம் அப்படியே நின்றது. பையை அமுக்கச் சொன்னார். நெஞ்சு முன்னைவிட நன்றாகவே எழும்பியது.

கண்முன்னால் சாட்சி. இதற்கு மேல் எந்தப் படிப்பு வேண்டும்?

ஜெயபாய் திரும்பி வந்து குமிழைத் தொட்டாள். முகம் சுருங்கியது. காற்றை இறக்கினாள். அவள் போனதும் அவர் ஏற்றினார். இரண்டாம் தடவை கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டாள். டாக்டரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் வந்து, நாசூக்காக, அண்ணாச்சி இது பிள்ளைக்கு ஆகாது என்றார். சுயம்புலிங்கம் கும்பிட்டார், ஆண்டாள் மேல் சத்தியம் பண்ணினார், இனிமேல் தொடமாட்டேன் என்றார். டாக்டரின் செருப்புச் சத்தம் படியில் இறங்கியதும், மடியில் சொருகியிருந்த சிரிஞ்சை எடுத்தார். ஆண்டாளும் ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் இதைத்தான் செய்திருப்பாள் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பரிபூரணம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்கேருங்க. நீங்க காத்தடிக்கும்போதெல்லாம் பிள்ள கண்ணுல தண்ணி வருது."

"பொழைச்சு வாராம்ட்டி. உசுரு திரும்புதுல்லா, அதான் கண்ணு கலங்குது."

அவள் முந்தானையால் மகன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அடுத்த தடவையும் வந்தது. அதையும் துடைத்தாள். அதற்கு மேல் புருஷனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை.

ஒரு வாரத்துக்குப் பிறகு விஷம் இறங்கியது. கால்விரல் அசைந்தது, இமை பிரிந்தது. தானாக மூச்சு வந்ததும் டாக்டர் குழாயை உருவினார். ஐயாதுரை கரகரத்த தொண்டையோடு தண்ணீர் கேட்டான். பஸ் முதலாளி ஆஸ்பத்திரி வாசலில் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். ஜெயபாய்க்கு ஒரு பொட்டலத்தை நீட்டியபோது அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஐயாதுரையின் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, குரலோ மூச்சோ ஒருமாதிரி இருந்தால் உடனே வரணும் தம்பி என்று அவனிடம்தான் சொன்னாள். சுயம்புலிங்கத்திடம் சொல்லவில்லை. அதை அவர் அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து சுயம்புலிங்கம் தரையில் நடக்கவில்லை. டீக்கடையில் சொன்னார், பஞ்சு மார்க்கெட்டில் சொன்னார், கல்யாணப் பந்தியில் எச்சில் கையோடு சொன்னார். பக்கத்தில் எப்போதும் லாரி புரோக்கர் மலைச்சாமி இருப்பார். கதையில் ஒரு வரி விட்டுப்போனால் எடுத்துக்கொடுப்பார்.

"விசத்துக்கு மருந்து குடுத்தது டாக்டரு. அத நான் இல்லேங்கல. ஆனா காத்து? காத்து குடுத்தது இந்தக் கை. அந்தப் பிள்ள வந்து வந்து தொறந்து விடுதா, நான் வந்து வந்து அடைக்கேன். நானில்லேன்னா என் மகன் இன்னைக்கு இல்லவே."

சொல்லச் சொல்லக் கதை பெருத்தது. குமிழ் கோலிக்குண்டானது, கோலிக்குண்டு எலுமிச்சம்பழமானது. பஸ்ஸில் ஏறுகிற கிழவிகள் ஐயாதுரையின் கன்னத்தைத் தடவி, ஓங்கய்யா காத்தடிச்சுல்லா ஒன்னையப் பொழைக்க வச்சாராம் என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பான். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. கடையைத் தாண்டும்போது அந்த நீள விசிலை மறக்காமல் ஊதினான்.

செட்டியார்பட்டியில் அழகுத்தாய் என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு.

அதற்குள் விசில் குட்டையாகிப்போனது. முதலில் ஐயாதுரைக்குத்தான் தெரிந்தது. முன்னைப் போல இழுத்து ஊத மூச்சுப் பத்தவில்லை. பஸ் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மூச்சிலேயே ஒரு சத்தம் வந்தது. உள்ளே இழுக்கும்போது கீச்சென்று. பயணிகள் அவன் விசில் ஊதுகிறான் என்று நினைத்து இறங்கத் தயாரானார்கள். உள்ளூரில் ஒருவர் ஆஸ்துமா என்று மாத்திரை கொடுத்தார். சுயம்புலிங்கம் பஸ் புழுதி என்றார், கண்டக்டர் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வா என்றார். இருபது வருஷமாக நாலு ரோடு தள்ளிக் கசிவைக் கண்டுபிடித்த காது, பக்கத்துப் பாயில் படுத்திருந்த மகனின் மூச்சில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பஸ் மடவார்வளாகத்தைத் தாண்டும்போது ஐயாதுரை கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். முகம் நீலம் பாரித்தது. டிரைவர் முத்துவீரன் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ்ஸை நேராக பொன்னுராஜ் டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் கழுத்தின் முன்பக்கம் கீறித் துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணி, மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் தொண்டை டாக்டர் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தார். வயசானவர், பொறுமைசாலி. தகப்பனை உட்கார வைத்து, தன் பேனா மூடியைக் காட்டிச் சொன்னார். மூச்சுக்குழல் இந்த அளவு இருக்க வேண்டும், இப்போது பேனா முள் அளவுதான் இருக்கிறது. முன்பு குழாய் போட்டபோது அந்த பலூன் அளவுக்கு மேலே இறுக்கியிருக்கிறது. இறுக்கிய இடத்தில் ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போய், ஆறும்போது தழும்பாகச் சுருங்கிவிட்டது. மாதக் கணக்கில் விரித்துப் பார்த்தார்கள். விரித்தால் சுருங்கியது. கழுத்தில் ஒரு உலோகக் குழாய் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. பேச வேண்டுமானால் குழாயின் வாயை விரலால் பொத்த வேண்டும். பொத்தினால் மிச்சமிருக்கிற சந்து வழியாக ஒரு மெலிந்த குரல் மேலே வரும். விரலை எடுத்தால் உதடு மட்டும் அசையும்.

விசில் ஊத முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. ஐயாதுரை ஒரு நாள் பையிலிருந்து எடுத்து வாயில் வைத்துப் பார்த்தான். காற்று கழுத்து வழியாகப் போய்விட்டது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

சுயம்புலிங்கம் மதுரை டாக்டர் சொன்னதில் ஒரு பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார். 'குழாய் போட்ட இடத்தில் தப்பு நடந்திருக்கிறது' என்ற பாதியை. மறுபாதி அவருக்குக் கேட்காமல் இல்லை. கேட்டது. கேட்டதை வெளியே எடுத்துப் பார்க்க அவருக்கு நெஞ்சு துணியவில்லை. ஓட்டையை ஒட்ட முடியாத இடத்தில் நிரப்பத்தானே வேண்டும்? கோபத்தால் நிரப்பினார். அந்த நர்ஸ் தொட்டதால்தான் பிள்ளை இப்படி ஆனான், அவளை வேலையை விட்டு நீக்காமல் ஓயமாட்டேன் என்று கடை வாசலில் நின்று பேசினார். மலைச்சாமி, இரண்டு மச்சினன்மார், நாலைந்து டிரைவர்கள் என்று ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்தது. ஐயாதுரையையும் ஏறச் சொன்னார். சாட்சிக்கு அந்தக் கழுத்து வேண்டியிருந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி முன்கூடத்தில் நோயாளிகள் எழுந்து ஒதுங்கினார்கள். டாக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே ஜெயபாய் வந்து, கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். சுயம்புலிங்கம் மகனைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"பாருங்க டாக்டரு. பேச்சுப் போச்சு, பொழைப்புப் போச்சு. பொட்டைப் பிள்ள கையில வெளையாட்டுச் சாமானக் குடுத்த மாதிரிக் குடுத்தீகளே. காத்து எம்புட்டு அடிக்கணும்னு தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேல?"

டாக்டர் ஜெயபாயைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. மலைச்சாமி கபடம் தெரியாத மனுசன். அத்தனை பந்தியிலும் உட்கார்ந்து கேட்டவர். அவருக்கு உண்மையிலேயே கதை குழம்பிப்போயிற்று.

"காத்தடிச்சது நீங்கல்லா அண்ணாச்சி?" என்றார். "இந்தப் பிள்ள தொறந்து விட்டா, நீங்கதான அடைச்சீக?"

வந்த டிரைவர்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒரு மச்சினன் வெளியே போய் பீடி பற்ற வைத்தான். கூடத்தில் ஐயாதுரையின் கழுத்துக் குழாயில் காற்றுப் போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

சுயம்புலிங்கம் தளரவில்லை. தான் சொன்னது பேச்சுக்குச் சொன்னது என்றார். ஒரு தடவை, ரெண்டு தடவை லேசாகத் தொட்டிருக்கலாம் என்றார். தொட்டதைப் பார்த்த சாட்சி யார் என்று கேட்டார். இந்தப் பிள்ளை சொல்லுவாளா, அவள் சொல்லை யார் கேட்பார்கள் என்றார்.

ஐயாதுரை விரலைத் தூக்கிக் கழுத்துக் குழாயில் வைத்தான்.

"அந்த அக்காவ ஒண்ணுஞ் சொல்லாதீக."

குரல் காகிதம் கிழிகிற மாதிரி வந்தது. எல்லோரும் கிட்டே வந்து குனிந்தார்கள்.

"எனக்குக் கண்ணுதான் மூடிக் கெடந்துச்சு. காது கேட்டுச்சு. அக்கா வேண்டாம்னு சொன்னதும் கேட்டுச்சு, நீங்க சத்தியம் பண்ணுனதும் கேட்டுச்சு." விரலை எடுத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். "அடிக்கும்போதெல்லாம் தொண்ட வெடிக்கிற மாதிரி இருந்துச்சுய்யா. கையத் தூக்க முடியல."

கட்டுவிரியன் கடித்தவன் கட்டை மாதிரிக் கிடப்பான், உள்ளே விழித்திருப்பான். டாக்டருக்குத் தெரியும். சுயம்புலிங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரிபூரணம் துடைத்துவிட்ட கண்ணீர் எதற்கு வந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"குழாய எடுத்த பொறவு சொல்லியிருக்கலாமுல்லாலே?" என்றார்.

"நீங்க ஊரெல்லாம் சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக."

விரலை எடுத்தான். உதடு அசையவில்லை. வேனில் ஏறாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

யாரும் கட்டாயப்படுத்தாமலே அழகுத்தாய் அவனைக் கட்டிக்கொண்டாள். பெண்வீட்டார் தயங்கியபோது, பேச்சுக் குறைந்த புருஷன் கிடைப்பது பாக்கியம் என்று அவளே கேலி பண்ணி அவர்கள் வாயை அடைத்தாளாம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்குத் துணி வெட்டுகிற வேலை கிடைத்தது. கத்தரிக்குப் பேச்சுத் தேவையில்லை. குழாயைச் சுத்தம் செய்யப் பரிபூரணத்துக்கும் அழகுத்தாய்க்கும் ஜெயபாய்தான் கற்றுக்கொடுத்தாள்.

ஐயாதுரை எல்லோரிடமும் பேசினான். மனைவியிடம், அம்மாவிடம், பழைய டிரைவரிடம், கீரைக்காரியிடம். விரலைத் தூக்கி வைப்பான், பேசுவான், சிரிப்பான். சுயம்புலிங்கம் முன்னால் வந்து உட்கார்ந்தால் அந்தக் கை மடியில் கிடக்கும். சண்டை போடுவதில்லை, முகம் திருப்புவதில்லை. எழுந்து நின்று மரியாதை கொடுப்பான். அவர் கேட்பதற்குத் தலையாட்டுவான். விரல் மட்டும் மேலே வராது. மகன் மறுபடியும் ஒரு தடவை அய்யா என்று கூப்பிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காக டயர்க் குவியல் முழுவதையும் விற்றுத் தரையைச் சிமெண்டு போட்டு மெழுகினார். பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

பரிபூரணத்திடம் புலம்பினார். பெற்ற பாசத்தில் செய்தது தப்பா, அந்த டாக்டர் என் கையைக் கட்டிப் போட்டிருக்க வேண்டாமா என்றார். தப்பு என்று ஒரு வார்த்தை கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த வார்த்தைக்கு இடம் கொடுத்தால், கான்சாபுரத்து ஆட்டுப் பட்டியிலிருந்து கையை மட்டும் நம்பி ஏறிவந்த அத்தனை படியும் உருவிக்கொண்டு போய்விடும் என்று பயந்தார்.

"அவன் ஒண்ணும் ஒங்ககிட்டக் காசு பணம் கேக்கல" என்றாள் அவள். "அந்த ஒத்த வார்த்தையத்தான் கேக்கான். அடிக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு எறக்கத் தெரியல."

தொண்ணூற்றைந்தில் ஐயாதுரை தளவாய்புரத்தில் சின்னதாக வீடு கட்டிப் பால் காய்ச்சினான். சுயம்புலிங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பந்தலில் அவரை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். ஐயாதுரையின் மகள், மூன்று வயசிருக்கும், அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை பேசும்போதெல்லாம் சுட்டுவிரலைத் தன் கழுத்துக் குழியில் வைத்துக்கொண்டுதான் பேசும். பேசுவது என்றால் அப்படித்தான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் விரலை வைத்துக்கொண்டு பாயசம் கேட்டது. ஜெயபாயும் வந்திருந்தாள், அவளிடம் விரலை வைத்துக்கொண்டு ஓங்க பேர் என்ன என்று கேட்டது. பந்தலே சிரித்தது.

சுயம்புலிங்கம் கையை நீட்டினார்.

"இங்க வாத்தா. தாத்தாகிட்ட ஒரு பேச்சுப் பேசு."

குழந்தை வந்தது. அவர் முழங்காலுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தது. கழுத்தில் இருந்த விரலை எடுத்தது. இரண்டு கையையும் தொங்கவிட்டு, அப்பாவைப் போலவே, மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டியது.

"சொல்லுத்தா" என்றார்.

மறுபடியும் தலையை ஆட்டியது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இலை போடப் போகிற சாக்கில் எழுந்தார்கள். அழகுத்தாய் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவிய சாப்பிடச் சொல்லுதாக மாமா என்றாள். ஐயாதுரை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான். பார்த்திருந்தான். கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சுயம்புலிங்கம் சாப்பிட்டார். மத்தியானம் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். வாசலில் ஒரு மர லாரி காத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸை மாட்டினார், காற்று ஏற்றினார், கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார், போதும் என்று எடுத்தார். டிரைவர் புது ஆள். நம்பாமல் கேஜை வைத்துப் பார்த்தான். ஒரு புள்ளி பிசகவில்லை.

"எப்படி அண்ணாச்சி?" என்று அசந்துபோய்க் கேட்டான்.

அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.